மோந்து சொன்ன சொல்

பேளுக்குறிச்சி ஹபீப் ரஹ்மானுக்கு வாசனை போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த விஷயம் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும். மிளகு வியாபாரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பஸ் ஓட்டுகிறவர் தனக்குக் கண் மங்கிவிட்டது என்று பயணிகளிடம் சொல்வாரா? அதனால் ஹபீப் ரஹ்மானும் வாயைத் திறக்கவில்லை.

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்கு அவருடைய அத்தா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. மலைக்காரர்கள் மிளகு மூட்டையைப் பிரித்து வைத்ததும் முதலில் கை விடுகிறவர் ஹபீப் பாய்தான். மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்ப்பார். பிறகு குனிந்து, முகத்தைக் கைக்குள் வைத்து ஒரே இழுப்பு. நிமிர்ந்து "சரி" என்றால் சரி. ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டால் அந்த மூட்டையை அன்றைக்கு எந்த வியாபாரியும் தொட மாட்டார். ஏன், என்ன என்று யாரும் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அந்த மரியாதைக்கு ஹபீப் ரஹ்மான் பழகிப்போயிருந்தார். பழகிப்போன மரியாதையை விடுவதற்கு யாருக்குத்தான் மனசு வரும்?

எல்லாம் ஒரு சாதாரணச் சளியில்தான் ஆரம்பித்தது. சளி போனது, மூக்கடைப்பு போகவில்லை. இடது கன்னம் எந்நேரமும் கனத்தது. குனிந்தால் கண்ணுக்குக் கீழே விண்விண் என்று தெறித்தது. தொண்டைக்குள் ஏதோ வழிந்துகொண்டே இருந்தது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நொச்சி ஆவி பிடித்தார், மஞ்சளைச் சுட்டுப் புகையை இழுத்தார். கடைசியில் ராசிபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர் மூக்கில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு சொட்டு விட்டதும் மூக்கு பளிச்சென்று திறந்துகொண்டது. ஹபீப் ரஹ்மான் அந்த மனிதரை வாயார வாழ்த்தினார். மூன்று மணி நேரத்தில் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. மறுபடி இரண்டு சொட்டு. அதற்குப் பிறகு அந்தப் புட்டி இல்லாமல் அவர் தொழுகைக்குக்கூடப் போனதில்லை.

வாசனை எந்த நாளில் போனது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் ஊதுபத்தி எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து சந்தையில் கண்ணையும் பல்லையும் வைத்துப் பிழைப்பு ஓடியது. மிளகைக் கடித்துப் பார்ப்பார், நிறம் பார்ப்பார், உருட்டிச் சத்தம் கேட்பார். பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து மோந்து பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. ஊர் பார்க்கிறதே. சுத்தமான நடிப்பு, வேறென்ன சொல்வது.

இந்த லட்சணத்தில் ஆறு மாதமாக வீட்டில் ஒரு புதுத் தொல்லை. சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்துக் குனிந்தால் சில நாள் ஒரு கெட்ட வாடை அடித்தது. எலி செத்த மாதிரி ஒரு நாற்றம்.

"கெட்டுப்போன மீனை ஆக்கி வெச்சிருக்கியா?" என்று மனைவி மஹ்மூதா பீவியிடம் எரிந்து விழுவார்.

மஹ்மூதா பீவி குழம்பை முகர்ந்து பார்ப்பாள். "நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"மூக்கு இருக்கறவனுக்குத்தான் தெரியும்."

சொன்னது யார் என்று பாருங்கள். மூக்கே இல்லாதவர். அந்தச் சட்டிக் குழம்பு குப்பைக்குப் போகும். அவள் பேசாமல் வேறு எதையாவது ஆக்கிக் கொண்டுவருவாள். ஹபீப் ரஹ்மானுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாற்றமாக இருந்தால் என்ன, மூக்குக்கு ஏதோ தெரிகிறதே, போனது திரும்பி வருகிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மாசி மாதம் அந்தச் சந்தை நாள் வந்தது. காரவள்ளியில் ஜீப் ஏறி எழுபது வளைவும் சுற்றி மேலே போவதற்குள் இடது கன்னம் வெடித்துவிடும் போல வலித்தது. இறங்கியதும் ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கி நான்கு சொட்டு விட்டுக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தார். முதல் ஏழெட்டு மூட்டை எப்போதும் போல நடிப்பில் ஓடியது. அடுத்தது தேவனூர் நாட்டுச் சின்னராசுவின் மூட்டை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு.

சின்னராசு அதிகம் பேசாத மனிதர். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய நாற்பது கொடி அவருக்கு. பதினைந்து வருஷமாக அவர் மூட்டையை ஹபீப் ரஹ்மான் தாண்டிப் போனதே கிடையாது. பறித்துப் போடுவது சின்னராசு, பாறையில் காயவைத்து, புடைத்து, மூட்டை பிடிப்பது அவர் மனைவி கண்ணாயி.

ஹபீப் ரஹ்மான் ஒரு பிடி அள்ளித் தேய்த்தார். குனிந்தார். இழுத்தார். பொட்டில் அடித்த மாதிரி அந்த நாற்றம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நொடியில் அவருக்கு வந்தது அருவருப்பு இல்லை, ஆனந்தம். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மிளகில் ஒரு வாடையைக் கண்டுபிடித்துவிட்டார். மூக்கு திரும்பிவிட்டது. அதை நான்கு பேர் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. வாழ்நாளில் காரணம் சொல்லாத மனிதர் அன்றைக்குச் சந்தைக்கே கேட்கும்படி சொன்னார்.

"கவுண்டரே, பூசணம் புடிச்சுப் போச்சு. நாறுது. காயாம மூட்டை கட்டியிருக்கீங்க."

சின்னராசு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே பாய்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருசமா மோந்து பாக்கறவன் சொல்றேன்."

பக்கத்தில் நின்ற ராசிபுரம் வியாபாரி அர்த்தனாரி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார். சின்னராசு இன்னொரு தடவை மோந்து பார்க்கவில்லை. "பாய் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவளை நம்பி விட்டது எந் தப்புங்க" என்று சாக்கின் வாயைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போனார். ஹபீப் ரஹ்மான் நிமிர்ந்த நடையோடு அடுத்த மூட்டைக்குப் போனார். அங்கே எந்த வாடையும் வரவில்லை. அதைப் பற்றி அவர் யோசிக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. மஹ்மூதா பீவி அவரை விடாப்பிடியாக நாமக்கல்லுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்து எலும்புக்குள் காற்று இருக்கும் அறைகள் உண்டாம். வலது அறை கறுப்பாக இருந்தது, அதுதான் சரியாம். இடது அறை முழுக்க வெள்ளை.

"உள்ளே சீழ் கட்டியிருக்கு. மேல் கடைவாய்ப் பல்லு ஒண்ணு செத்துப்போய்க் கிடக்குது பாருங்க. அதோட வேர் இந்த அறைக்குக் கீழதான் இருக்கும். அங்க இருந்து ஏறியிருக்கு. பல்லு வலிச்சுதா?"

"ரெண்டு வருசம் முன்னால வலிச்சுது. அப்பறம் தானா நின்னுபோச்சு."

"நிக்கலை. செத்துப்போச்சு." பிறகு ஹபீப் ரஹ்மானின் சட்டைப்பையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்தார். "இது எத்தனை நாளா?"

"ஒன்றரை வருசமா, சார்."

"அஞ்சு நாளைக்கு மேல விடக் கூடாத மருந்து இது. அடைப்பைத் திறக்கறதும் இதுதான், இப்ப அடைக்கறதும் இதுதான்."

பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் கழித்து மூக்கு வழியாக ஊசி செலுத்தி அந்த அறையைக் கழுவினார்கள். ஹபீப் ரஹ்மான் குனிந்து கையில் ஒரு பீங்கான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் மஞ்சளும் பச்சையுமாக வந்து விழுந்தது. நர்ஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கதவோரம் நின்ற மஹ்மூதா பீவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹபீப் ரஹ்மானுக்கு மட்டும் அது புது வாடை இல்லை. ஆறு மாதமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்தபோதெல்லாம் வந்த அதே வாடை. சோளக்காட்டில் சின்னராசுவின் மிளகை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தபோது வந்த அதே வாடை. தலை குனியும்போது உள்ளே கட்டியிருந்தது அசைந்து மூக்குக்கு வந்திருக்கிறது. மிளகும் நாறவில்லை, மீனும் நாறவில்லை. நாறிக்கொண்டிருந்தது அவர். தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார்.

டாக்டர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து காலையும் மாலையும் ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வடியவிட வேண்டும். எழுதிக்கொடுத்த ஸ்ப்ரேயை மாதக்கணக்கில் அடிக்க வேண்டும், பழைய சொட்டு மருந்தைத் தொடவே கூடாது. சைனஸ் புண் நாள்பட்டது, ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வாசனை திரும்ப வருமா, சார்?"

"கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம்."

திரும்பும் பஸ்ஸில் மஹ்மூதா பீவி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். சேந்தமங்கலம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"அப்ப நான் கொட்டுன கொழம்பெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்குது."

"ஆமா."

"எம் மேலதான் ஏதோ நாறுதுன்னு நெனைச்சேனுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குளிச்சேன். உங்களுக்குப் பக்கத்துல உக்காரவே கூசுச்சு. தலையாணியக்கூட அந்தப் பக்கமா மாத்திப் போட்டுக்கிட்டேனே, கவனிச்சீங்களா?"

அவர் கவனிக்கவில்லை. பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் அவள் பக்கமாகச் சாய்ந்தார். "தப்பு பண்ணிட்டேன், மஹ்மூதா" என்றார் மெதுவாக.

"சரி. எங்கிட்ட சொல்லிட்டீங்க. வேற யாருகிட்டயெல்லாம் இந்த மூக்கை வெச்சுப் பேசுனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. சின்னராசு தலையில் சாக்கோடு போனது கண்ணை விட்டு அகலவில்லை. இருந்தும் இரண்டு வாரம் அவர் மலையேறவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று ஊரிடம் சொன்னார். அடுத்த வருஷம் அவர் மூட்டையை நல்லபடியாக வாங்கிவிட்டால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூக்குக்கு உப்புத் தண்ணீர் விடக் குனியும்போதெல்லாம் அந்தச் சமாதானம் செல்லாமல் போனது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தேவனூர் நாட்டுக்குப் போனார்.

சின்னராசுவின் வீட்டு வாசலில் கூப்பிட்டபோது அவரே வெளியே வந்தார், கையில் கரி. அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்க பாய். என்ன, இவ்வளவு தூரம்?"

"ஊட்டுல அம்மிணி இல்லீங்களா கவுண்டரே?"

"அவங்கண்ணன் ஊட்டுல இருக்கறா." சின்னராசு கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். "காயப் போட்டிருந்தப்ப ஒரு நாள் சாயங்காலம் தூத்தல் போட்டுச்சுங்க. மழைக்கு முன்னாலயே மொளகை அள்ளிட்டேன்னு சொன்னா. நீங்க சொன்னப்பறந்தான் பொய் சொல்லியிருக்கறான்னு தெரிஞ்சுது. கேட்டேன். இல்லவே இல்லைன்னா. பொய் சொல்ற பொம்பளையோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு நாலு பேருக்கு முன்னால கேட்டுப்புட்டேன். போயிட்டா."

"மொளகு?"

"குப்பைக் குழியில கொட்டிட்டேனுங்க. நாத்தம் புடிச்சதை வெச்சு என்ன பண்றது."

ஹபீப் ரஹ்மானால் உட்கார முடியவில்லை. "கவுண்டரே, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க மொளகு நல்ல மொளகு."

சின்னராசு லேசாகச் சிரித்தார். "எங்க குடும்பம் சேரணும்னு பொய் சொல்றீங்க. வேண்டாம் பாய். உங்க மூக்கு தப்பாச் சொல்லாது."

இதைவிட அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம். அப்போதுதான் ஹபீப் ரஹ்மான் எல்லாவற்றையும் கொட்டினார். செத்த பல், சீழ், பீங்கான் தட்டு, ஒன்றரை வருஷமாக வாசனையே தெரியாமல் ஆடிய நாடகம், அன்றைக்கு வந்த சந்தோஷம், எல்லாம். சின்னராசுவின் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"போன வருசம் சரின்னு சொன்னது?" என்றார் சின்னராசு.

"போன வருசமும் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

இருவரும் பேசாமல் ஒரு மேடு ஏறி இறங்கிக் கண்ணாயியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவள் களத்தில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே ஹபீப் ரஹ்மான் சொன்னதைக் கேட்டாள். சின்னராசு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"அம்மிணி, மொளகுக்கு உண்டானதை நான் தந்தர்றேன்" என்று ஹபீப் ரஹ்மான் முடித்தார்.

"மொளகு கெடக்கட்டுங்க. நான் பொய் சொன்னேன்னு இந்த நாடே பேசுது. இங்க எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா ஆச்சுங்களா? சந்தையிலதானே சொன்னீங்க. சந்தையிலயே சொல்லுங்க. எங்காதால கேட்டாத்தான் நான் ஊட்டுக்குப் போவேன்."

அவள் கேட்டது நியாயம்தான். அதைச் சொன்னால் சோளக்காட்டில் அவருக்கு முன்னால் மூட்டை பிரிக்க இனி ஒருவரும் இருக்க மாட்டார் என்பதும் நிஜம்தான். இறங்கும்போது ஜீப்பில் அத்தா வாங்கிக்கொடுத்த பேரையும் கண்ணாயியின் முகத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தார். மஹ்மூதா பீவியிடம் சொன்னபோது அவள், "போகலைன்னா அந்தப் புள்ளை அங்கயேதானே இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். தலையணையை அவள் இன்னும் பழைய இடத்துக்கு மாற்றியிருக்கவில்லை.

அடுத்த சந்தையில் மூட்டைகள் பிரிந்து கிடந்தன. எல்லோரும் பாய் கை விடட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் சின்னராசு. இன்னொரு ஓரத்தில், பலா மரத்தடியில், அண்ணனோடு கண்ணாயி. ஹபீப் ரஹ்மான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். "மாசி மாசத்துல தேவனூர் நாட்டுக் கவுண்டர் மொளகு நாறுதுன்னு இங்க நின்னு சொன்னேன். நாறுனது மொளகு இல்லீங்க. என் மூக்குக்குள்ள சீழ் கட்டியிருந்துச்சு. நாறுனது நாந்தான். எனக்கு வாசனை தெரிஞ்சு ரெண்டு வருசம் ஆகப்போவுது. அதை மறைச்சுக்கிட்டுத்தான் உங்க மூட்டையில எல்லாம் கை விட்டேன். கண்ணாயி அம்மிணி மழைக்கு முன்னால அள்ளுனேன்னு சொன்னது நெசம். பொய் சொன்னவன் நான்."

யாரோ சிரித்தார்கள். யாரோ த்தூ என்று துப்பினார்கள்.

அர்த்தனாரி, "ஏனுங்க பாய், நாங்க அத்தனை பேரும் உங்க மூக்கை நம்பித்தானே வாங்குனோம்?" என்றார்.

"தெரியுங்க. நிக்கவே வெக்கமாத்தான் இருக்குது."

கண்ணாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தன்னிடம்தான் ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஹபீப் ரஹ்மான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைத் தாண்டிப் போய்ப் புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

"அவரு மூக்குல சீழு. உங்க மூக்குல என்ன இருந்துச்சு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. சந்தையில் பக்கத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. அர்த்தனாரி கையில் அள்ளியிருந்த மிளகை மெல்ல மூட்டையில் போட்டுவிட்டு எங்கோ பார்த்தார்.

கண்ணாயி அவர் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அண்ணன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு தேவனூர் நாட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். சின்னராசு பின்னாலேயே போனார். கூடச் சேர்ந்து நடக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.